எந்த இரும்புக்கு எந்த மணல்

கருங்கல்
14.1.2023

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு,

ஜினி எழுதுகிறேன். நானும் தங்கச்சி சுஜியும் சுகம். நீங்கள் அங்கே வயிறாரச் சாப்பிடுகிறீர்களா, படுத்தால் தூக்கம் வருகிறதா என்று முதலில் எழுதுங்கள்.

போன வாரம் ஜெயிலுக்கு உங்களை மனு போட்டுப் பார்க்க வந்து என்ன பிரயோஜனம்? கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம், இந்தப் பக்கம் ஒரு கூட்டம், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால் யார் பேச்சு யாருக்குக் கேட்கும்? பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததில் பாதியைச் சொல்லாமலே திரும்பினேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. சபைக் கமிட்டியில் யார் உட்கார்ந்தால் நமக்கென்ன? தேர்தல் அன்று ஒரு ஆளைப் பிடித்துத் தள்ளினீர்கள், அவர் படியில் உருண்டு செத்துப்போனார். உங்களுக்கு நாலு வருஷம். எனக்கும் அதே நாலு வருஷம்தான், நான் வெளியே இருக்கிறேன் என்பது மட்டும் வித்தியாசம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஷெட்டைத் திறந்துவிட்டேன். தேங்காப்பட்டணம் சேக் முகம்மது காக்கா படகு எஞ்சினைக் கழற்றி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். "எட்சன் இல்லேன்னா என்னம்மா, நீ கூட நின்னு பாத்திருக்கியே. உப்புக்காத்துல துரு ஏறிக் கெடக்கு. மணல் அடிச்சுக் குடு" என்றார். முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கம்ப்ரசரை விற்றுவிடச் சொல்லி உங்கள் அண்ணன் இரண்டு தடவை வந்து போனார். விற்க மாட்டேன். நீங்கள் வரும்போது தொழில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

ஆனால் காற்றோடு பீய்ச்சித் துரு எடுக்கிற மணலை ஷெட்டில் மூட்டை மூட்டையாக வைத்திருக்கிறீர்களே, எந்த இரும்புக்கு எந்த மணல் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் இத்தனை வருஷம் டீ கொண்டுவந்தவள்தானே. விவரமாக எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் ஜினி


சிறையிலிருந்து
3.2.2023

அன்பு ஜினிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதிகாரி படித்த பிறகுதான் கையில் தருவார்கள், அதனால் தாமதம். நான் சுகம். நீயும் சுஜியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். கோபத்தைப் பற்றி எழுதியிருந்தாய். நியாயமான கோபம்.

இனி கவனமாகப் படி. பாகங்களை முதலில் மண்ணெண்ணெயில் கழுவிக் காயவை. எண்ணெய்ப் பிசுக்கின்மேல் மணல் அடித்தால் சேறாகிவிடும். பிறகு ஒவ்வொன்றிலும் காந்தத்தை வைத்துப் பார். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். இரும்புக்குப் பின்சுவரோரம் இருக்கிற கடற்கரைச் செம்மணல். அலுமினியத்தின்மேல் அதைக் காட்டவே காட்டாதே. மெத்தென்ற உலோகம், மணல் உள்ளே குத்தி உட்கார்ந்துகொள்ளும். அதற்குச் சீனி மாதிரி இருக்கிற கண்ணாடி மணி, காற்றைப் பாதியாகக் குறைத்து அடி. கார்புரேட்டருக்கும் பிஸ்டனுக்கும் ஆப்பச் சோடா. ஏதாவது இடுக்கில் தங்கினாலும் தண்ணீரில் கரைந்து போய்விடும், அதுதான் அதன் குணம்.

எண்ணெய் ஓடுகிற துளைகளையெல்லாம் துணி வைத்து அடைத்துவிட்டு அடி. ஒரு மணல் உள்ளே தங்கினாலும் நடுக்கடலில் எஞ்சின் இறுகிவிடும். காக்காவின் பையன்கள் போகிற படகு அது. பளபளவென்று தேய்ந்திருக்கிற இடங்களில் உப்புத்தாள் போடாதே. வாட்டர் பேப்பரில் ஆக நைஸானதை எண்ணெயில் முக்கி, விரல் கனத்துக்கு மேல் அழுத்தாமல் தேய்.

கண்ணாடி போட்டுக்கொள். கண்ணில் மணல் தெறித்தால் ஒரு வாரம் வேலை கெட்டுப்போகும். முகத்தில் துவர்த்துத் துண்டைக் கட்டிக்கொள்.

சந்தேகம் வந்தால் செய்யாதே, எழுதிக் கேள்.
எட்சன்


கருங்கல்
9.4.2023

அன்புள்ள அத்தானுக்கு ஈஸ்டர் வாழ்த்துகள். இங்கே இருவரும் சுகம். அங்கே கேக்காவது கொடுத்தார்களா?

காக்காவின் எஞ்சின் ஓடிவிட்டது. கடலுக்குப் போய்த் திரும்பியும் வந்தாயிற்று. பெரிய சூரை மீன் ஒன்று கொடுத்தனுப்பினார். நீங்கள் எழுதியதைச் சுவரில் ஒட்டி வைத்து, காந்தத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வேலை செய்தேன். சுஜி, "ஏட்டி அக்கா, தாலிய எங்க? காந்தமல்லா தொங்குது" என்று சிரித்தாள்.

இன்னொரு சங்கதி. கண்ணாடி மணி தீர்ந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. வீட்டில் தேங்காய்ச் சிரட்டைக்கா பஞ்சம்? சிரட்டையை மில்லில் குருணையாக உடைத்து வாங்கி, பழைய பிஸ்டன் ஒன்றில் அடித்துப் பார்த்தேன். கரி மட்டும் உதிர்ந்தது, உலோகத்தில் ஒரு கீறல் இல்லை. நீங்கள் இத்தனை வருஷம் கண்ணாடி மணி என்று அலைந்தீர்களே, அடுப்பில் எரித்ததெல்லாம் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் துருவுக்குச் சிரட்டை போதாது. செம்மணல் கொண்டுவருகிறவன் இனி வரமாட்டானாம். கடற்கரை மணலில் கை வைத்தால் கேஸ் என்று பயந்து போயிருக்கிறான். அதனால் குவாரியில் கல் உடைக்கும்போது விழுகிற பாறைப்பொடியைச் சலித்து அடித்தால் என்ன என்று நினைக்கிறேன். கேட்டால் சும்மாவே அள்ளிக்கொண்டு போகச் சொல்லுகிறார்கள். சரிதானா?

தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள்.
ஜினி


சிறையிலிருந்து
2.5.2023

என் அன்பு ஜினிக்கு,

சுகமாக இருக்கிறேன். உன் சுகத்துக்கு எப்போதும் ஜெபம்.

சிரட்டைக் குருணை விஷயத்தை இங்கே எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். எனக்கு உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது, அதை நேரில் சொல்ல முடியவில்லையே என்று அழுகையும் வந்தது. நான் உன்னை டீ கொண்டுவர வைத்தது மடத்தனம்.

பாறைப்பொடி நல்ல யோசனை. துருவை நன்றாகக் கடிக்கும். ஆனால் அப்படியே போடாதே. கரடுமுரடாக இருந்தால் இரும்பில் குழி விழும், அதனால் இரண்டு தடவை சலி. நைஸாக இருக்க இருக்க மேல்பரப்பு அழகாக வரும். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் குழாய் வாய் அடைத்துக்கொள்ளும். நெல் அவிக்கிற பழைய அண்டாவில் போட்டு, ஒட்டாமல் பறக்கிற பதம் வருகிறவரை வறுத்து ஆறவை. தரையில் தார்ப்பாய் விரித்து அடித்தால் விழுந்ததைக் கூட்டி மறுபடி பயன்படுத்தலாம். இரண்டாம் தடவைதான் இன்னும் நைஸாக இருக்கும், மெருகு வேலைக்கு அதை எடுத்து வை.

போனில் கிடைக்கிற நாலு நிமிஷத்தில் தொழிலைப் பேசி நேரத்தைக் கெடுக்க வேண்டாம். அதில் உன் குரல் மட்டும் கேட்டால் போதும்.

எட்சன்


கருங்கல்
16.7.2023

அன்பு அத்தானுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? தரையில் படுக்கிறவருக்கு என்ன சொல்ல.

வறுத்த பொடி பிரமாதம். துருப்பிடித்த எஞ்சின் பிளாக் ஒன்று அஞ்சுகிராமத்திலிருந்து வந்தது, அடித்து முடித்தால் நேற்று வார்த்த மாதிரி சாம்பல் நிறத்தில் நிற்கிறது. மார்த்தாண்டத்து மெக்கானிக்குகளும் இப்போது இங்கேதான் அனுப்புகிறார்கள். "பொம்பளப் பட்டறை" என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். வைக்கட்டும், பாகம் வந்தால் போதும்.

பக்கத்து வீட்டு ஞானதாசன் மாமா ஒரு நாள் வேலியோரம் வந்து நின்றார். "பிள்ளே, உனக்க பொடி பறந்து எனக்க ரப்பர் ஷீட்டு முழுக்க ஒட்டியிருக்கு. காயப்போட்ட ஷீட்ட கடைக்காரன் எடுக்க மாட்டேங்குறான். நீ ஒண்ணு கதவ அடை, இல்லேங்கி பட்டறைய அடை" என்றார். அவர் சொல்வதும் நியாயம். கையில் ஒரு ஷீட்டைக் கொண்டுவந்து காட்டினார், மாவில் போட்டுப் புரட்டியது போலிருந்தது. அதனால் ஜன்னலுக்கெல்லாம் தார்ப்பாய் அடித்து, கதவையும் சாத்திக்கொண்டுதான் இப்போது வேலை. ஒரு பொடி வெளியே போவதில்லை. நான் வெளியே வரும்போது பார்க்க வேண்டும், தலை, புருவம், இமை எல்லாம் வெள்ளை. அறுபது வயதில் எப்படி இருப்பேன் என்று பார்த்துவிட்டேன். மோசமில்லை.

மழை விடாமல் பெய்கிறது. கொஞ்சம் சளி. கஷாயம் போட்டுக் குடிக்கிறேன்.

ஜினி


சிறையிலிருந்து
20.8.2023

அன்பு ஜினி,

சுகம். சளி போயிற்றா?

கதவைச் சாத்தியது நல்லது, அக்கம்பக்கத்தோடு சண்டை வேண்டாம். எனக்கு அது போதும் போதும் என்றாகிவிட்டது. மெருகுக்கு ஒன்று சொல்லுகிறேன். பஃபிங் சக்கரத்தில் மெருகேற்றுகிற பச்சை சோப்பை அதிகம் அப்பாதே. லேசாகத் தொட்டுவிட்டு, பாகத்தைச் சக்கரத்தின் கீழ்ப்பாதியில் பிடி. மேல்பாதியில் பிடித்தால் பிடுங்கி முகத்தில் அடிக்கும்.

நீ போன மாதமும் மனுவுக்கு வரவில்லை. போன் செய்தால் சுஜி எடுக்கிறாள். ஒரு தடவை நீ கடைக்குப் போயிருக்கிறாய், ஒரு தடவை தூங்குகிறாய், ஒரு தடவை சபைக்குப் போயிருக்கிறாய். புதன்கிழமை என்ன ஆராதனை? என்மேல் வருத்தம் என்றால் திட்டி எழுது. திட்டு கேட்டு நாளாகிறது.

எட்சன்


கருங்கல்
26.11.2023

அத்தானுக்கு,

சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம். வருத்தமெல்லாம் இல்லை. மனுவுக்கு வர முடியாததற்கு பஸ்தான் காரணம், இரண்டு பஸ் மாறி நின்றுகொண்டே வர வேண்டியிருக்கிறது.

பச்சை சோப்பு நீங்கள் சொன்னபடியே செய்தேன். நன்றாக வந்தது. ஷெட்டில் இரண்டு பிளாக் கிடக்கிறது, மெதுவாகத்தான் முடிக்க வேண்டும்.

அந்தச் சளி முழுக்கப் போகவில்லை. டாக்டர் ஒருவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். சாப்பிட்டால் மூத்திரம் சிவப்பாகப் போகிறது. பயப்பட ஒன்றுமில்லை, அப்படித்தான் போகும் என்றார். இதையெல்லாம் உங்களுக்கு எழுத வேண்டுமா என்று யோசித்தேன். வேறு எழுத ஒன்றும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டவில்லை. சுஜி கட்டுவாள்.

ஜினி


சிறையிலிருந்து
11.12.2023

ஜினி,

உன் சுகம் எப்படி? இது வழக்கத்துக்காகக் கேட்பதில்லை. உண்மையை எழுது.

எங்கள் ஜெயில் பிளாக்கில் இசக்கி என்று ஒருவன் இருக்கிறான். வள்ளியூர்ப் பக்கம் கல் உடைக்கிற கிரஷரில் வேலை பார்த்தவன். பல் தேய்க்க எழுந்து போனாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். உன் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

"செவப்பா போகுதுன்னா அது டிபி மாத்திரடே. எனக்கும் மொதல்ல அதத்தான் குடுத்தாவ" என்றான். பிறகு, "உம் பொண்டாட்டி எதுல அடிக்கா?" என்று கேட்டான்.

"பாறைப்பொடி."

"ஈரத்துலயா?"

"இல்லடே, வறுத்து."

"கதவு?"

"சாத்தித்தான்."

அவன் தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினான். "அது சளி இல்லடே எட்சா. அது கல்லு. உள்ள போன கல்லு வெளிய வராது" என்றான்.

ஜினி, நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டேன். இரும்பில் குழி விழக்கூடாது என்று எழுதியிருக்கிறேன். அலுமினியத்தில் கீறல் விழக்கூடாது. எண்ணெய்த் துளைக்குள் ஒரு மணல் போகக்கூடாது, துணி வைத்து அடை. நீ மூச்சுவிடுகிற மூக்கைப் பற்றி ஒரு துவர்த்துக்கு மேல் நான் யோசிக்கவில்லை. நைஸாகச் சலி என்றேன், வறு என்றேன், விழுந்ததைக் கூட்டி மறுபடி அடி என்றேன். என் கையை வெட்டிப் போட்டால் தேவலை.

இன்றே ஷெட்டைப் பூட்டு. கிடக்கிற பிளாக்கை அப்படியே திருப்பிக் கொடு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், மணல் அடிக்கிறவள் நான் என்று வாயைத் திறந்து சொல். சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும்.

பதில் உடனே.
எட்சன்


சிறையிலிருந்து
19.1.2024

ஜினி,

ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. போனை யாரும் எடுப்பதில்லை. கடிதம் வந்ததா இல்லையா என்றாவது எழுது. வெள்ளைத் தாளில் உன் பெயரை மட்டும் எழுதிப் போட்டாலும் போதும்.

இசக்கியை நேற்று ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். அவனுடைய பாய் சுருட்டியபடி என் பக்கத்தில் இருக்கிறது.

நீ சுகமாக இருக்கிறாய் என்று இங்கே தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

எட்சன்


கருங்கல்
25.2.2024

அன்புள்ள அத்தானுக்கு சுஜி எழுதுவது.

உங்கள் சரீர சுகத்துக்காக நாங்கள் ஜெபிக்கிறோம். எங்கள் சுகத்தைப் பற்றி எழுதக்கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் அதை மீறித்தான் எழுதுகிறேன், கர்த்தர் மன்னிப்பார்.

உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. முதல் கடிதத்தைப் படித்துவிட்டு அக்கா தலையணைக்கு அடியில் வைத்தாள், இரண்டாவது வந்த பிறகுதான் நான் அதை எடுத்துப் படித்தேன். அதற்கு முன்பே அவளால் ஷெட்டுக்குப் போக முடியாமலாகிவிட்டது. அக்டோபரிலிருந்தே கோயில் படி ஏற மாட்டாள். கடைசி இரண்டு பிளாக்கையும் உட்கார்ந்துகொண்டு அடித்தாள். போனை எடுக்காததற்கும் காரணம் அதுதான். நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கும், நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று பயம். "அங்க கெடந்து அவரு என்னத்தச் செய்வாரு? சொவரத்தான் இடிப்பாரு" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் உங்கள் கடிதத்தையே டாக்டரிடம் காட்டினேன். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார். டிபி இல்லை. நுரையீரலின் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக, உப்பு தெளித்தது போலிருந்தது. இத்தனை சீக்கிரம் இந்த அளவுக்குப் போய் நான் அதிகம் பார்த்ததில்லை, மூடிய அறைதான் காரணம் என்றார். மருந்து உண்டா என்று கேட்டேன். மூச்சுத் திணறாமல் வைத்துக்கொள்ளலாம் என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

கம்ப்ரசரை விற்று ஆக்ஸிஜன் மெஷின் வாங்கியிருக்கிறோம். விற்கிறபோது அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சேக் முகம்மது காக்காதான் ஏற்பாடு செய்தார். ஞானதாசன் மாமாவின் மனைவி தினமும் கஞ்சி கொண்டுவருகிறார், மாமா வேலிவரை வந்து நிற்கிறார், உள்ளே வருவதில்லை.

அத்தான், அவசர விடுப்பு என்று ஒன்று உண்டாமே. கேட்டுப் பாருங்கள். தாமதிக்காமல் கேளுங்கள்.

சுஜி


சிறையிலிருந்து
7.4.2024

என் ஜினிக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று எழுத ஆரம்பித்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

விடுப்புக்கு அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். டாக்டர் சீட்டு கேட்டார்கள், சுஜி அனுப்பிவிட்டாள். போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து பார்த்துப் போனாராமே. நேற்று பதில் வந்தது. சீட்டில், நோயாளி ஆக்ஸிஜனுடன் நிலையாக உள்ளார், வீட்டிலேயே பராமரிக்கலாம் என்று எழுதியிருக்கிறதாம். நிலையாக இருப்பதால் அவசரம் இல்லையாம். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். போட்டேன்.

மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கும் பதில் வர வேண்டும். இந்த முறை என்ன எழுதச் சொல்லி டாக்டரிடம் கேட்பது? என் மனைவி நிலையாக இல்லை என்று எழுதச் சொல்லி நானே கேட்க வேண்டுமா? அப்படியும் கேட்டு சுஜிக்கு எழுதிவிட்டேன். நான் எந்த நிலைக்கு வந்திருக்கிறேன் பார்.

நீ ஒரு வார்த்தையும் என்னைக் குற்றம் சொல்லவில்லை என்று சுஜி எழுதியிருக்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை. இசக்கி போய்விட்டான். அவன் வீட்டிலிருந்து வந்து கொண்டுபோனார்கள்.

ஜெபிக்கிறேன் என்று எழுதக் கை வரவில்லை ஜினி.

எட்சன்


கருங்கல்
12.5.2024

அன்பு அத்தானுக்கு,

நானே எழுதுகிறேன். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வரி. அதனால் கையெழுத்து ஓரிடத்தில் நேராகவும் ஓரிடத்தில் சாய்ந்தும் இருக்கும். நீங்கள் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். சாப்பிடுங்கள்.

எனக்குச் சுகமில்லை. எத்தனை கடிதத்தில் சுகம் சுகம் என்று எழுதினேன், எழுதும்போதே சலிப்பாக இருந்தது. இப்போது உண்மையை எழுதுகிறபோது கொஞ்சம் இலேசாக இருக்கிறது.

நான் குற்றம் சொல்லவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன். பொடியைக் கண்டுபிடித்தது நான், வறுக்கச் சொன்னது நீங்கள். உங்கள்மேல் தப்பே இல்லை என்று எழுதலாம்தான், ஆனால் உங்களிடம் பொய் சொல்ல இனி எனக்கு மூச்சு இல்லை. இரண்டு பேருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் நம்மிடம் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரம் உண்டு, அத்தான். இருபத்தொன்பது வயதில் சாக எனக்கு மனசில்லை. ராத்திரி அந்த மெஷின் சத்தத்தில் படுத்துக்கொண்டு யார் யாரையோ திட்டுகிறேன். உங்களையும் திட்டுகிறேன். அப்புறம் நீங்கள் இல்லாமல் படுக்கை பெரிதாக இருக்கிறது என்று தோன்றும்.

உங்கள் இரண்டாவது விடுப்பு மனுவுக்கும் பதில் வந்துவிட்டதாக சுஜி சொன்னாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். இனி எழுதிக் கொடுக்க வேண்டாம். அந்த டாக்டரையும் போய்த் தொந்தரவு செய்ய வேண்டாம்.

சுஜி விசாரித்துவிட்டு வந்தாள். இன்னொரு விடுப்பு இருக்கிறது. அதற்கு டாக்டர் சீட்டு வேண்டாமாம், கேட்ட அன்றைக்கே பெரும்பாலும் விட்டுவிடுவார்களாம். அதற்கு வாருங்கள்.

என் பெட்டியை நீங்கள் வருகிறவரை மூடக்கூடாது என்று போதகர் ஐயரிடமும் சபை மூப்பர்களிடமும் சொல்லிவிட்டேன். அவர்கள் முகத்தைப் பார்த்து வெட்கப்பட்டு வெளியே நிற்காதீர்கள், நேராக உள்ளே வாருங்கள். போலீஸ் கூடவே நிற்கும், நிற்கட்டும். நாலு நிமிஷத்துக்கு மேல் பேசலாம். நான்தான் போனை எடுக்கவில்லை, அதனால் அன்றைக்கு நீங்கள் பேசுங்கள், நான் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன்.

முடிந்தால் காலையிலேயே வந்துவிடுங்கள். இப்போது வெயில் அதிகம், உச்சிக்கு மேல் வைத்திருக்க விடமாட்டார்கள்.

உங்கள் ஜினி